பல் கூடத்து இயந்திரத்தில் டைட்டானியம் வால்வு வார்க்கலாமா?

நீலவால்வு · திங்கள், இரவு 10.12

வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். யமஹா ஒய்15 பைக் எஞ்சின்களைப் பந்தயத்துக்குத் தேற்றிக் கொடுப்பதில்தான் பாதிப் பிழைப்பு ஓடுகிறது. போன மாதம் சுங்கைப் பட்டாணியில் ஒரு பல் தொழில்நுட்பக் கூடத்தை மூடினார்கள். கட்டுப்பல்லுக்கான டைட்டானியச் சட்டங்களை வார்க்கும் சிறிய இயந்திரம் ஒன்றை அங்கிருந்து 4,500 ரிங்கிட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். மேலறையில் செம்புத் தட்டு, அதற்கு மேல் மின்வில், கீழறையில் அச்சு, சுற்றிலும் ஆர்கான். ஒரு தடவைக்கு 30 கிராம் என்று அதன் மேல் ஒட்டியிருக்கும் தாள் சொல்கிறது. ஒரு வால்வுக்கு அது தாராளம்.

நேற்று கிரேடு 5 என்கிற டைட்டானியக் கலவைக் கம்பித் துண்டுகளை உருக்கி இரண்டு குச்சிகள் ஊற்றினேன். முதல் குச்சி மயில்கழுத்து நிறத்தில் வந்தது. பார்க்க அழகுதான். வைஸில் பிடித்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதும் பிஸ்கட்டைப் போல ஒடிந்தது. இரண்டாவதற்கு முன் வேக்யூம் பம்பை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்; திரும்பி வந்து ஊற்றினால் குச்சி வெள்ளியாக வந்தது, வளைந்தும் கொடுத்தது. ஆனால் மேல்தோலில் அரம் ஏறவே இல்லை, கண்ணாடியில் தேய்ப்பதுபோல வழுக்குகிறது.

உள்ளிழுக்கும் வால்வு, புகை வால்வு இரண்டையும் இப்படியே வார்த்து லேத்தில் கடைந்து போடலாம் என்று நினைக்கிறேன். செய்து பார்த்தவர்கள் யாராவது உண்டா?


சாலைராஜா · திங்கள், இரவு 10.31

கடையில் வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. இதற்கெல்லாம் உலை வைப்பார்களா?


மூசைக்காரன் · திங்கள், இரவு 11.20

வாங்கிப் போடு என்று சொல்ல எனக்கும் தெரியும். கேட்டவர் அதைக் கேட்கவில்லை.

தம்பி, டைட்டானியத்தை உருக்குவது பெரிய வித்தை இல்லை. 1,668 டிகிரியில் உருகிவிடும். இரும்பைவிட 130 டிகிரிதான் கூடுதல். உருகியதை எதில் வைத்திருப்பது என்பதில்தான் பலருடைய தலைமுடி நரைத்தது. பினாங்கின் பிறை ஊரில் 14 ஆண்டுகள் உருக்கு வார்த்தவன் நான். உருக்கும் பாத்திரமான மூசைக்குள் உருக்கு மரியாதையாக உட்கார்ந்திருக்கும். இது உட்காராது. அலுமினா மூசையில் போட்டால் அலுமினாவின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். சிர்கோனியாவையும் விடாது. கிராஃபைட்டில் போட்டால் கரியைக் கரைத்துக் குடிக்கும். இட்ரியா என்கிற பீங்கான் ஒன்றுதான் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அதுவும் விலை கேட்டால் மயக்கம் வரும். குடித்த ஆக்சிஜனை வெளியே எடுக்க வழி கிடையாது. உலோகத்துக்குள்ளேயே கரைந்து தங்கிவிடும். கிரேடு 5 என்றால் ஆக்சிஜன் 0.2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டி ஏற ஏற, கடினம் கூடும், நெகிழ்ச்சி போய்விடும். உன் மயில்கழுத்துக் குச்சி ஒடிந்த கதை அதுதான்.

பிறகு நான் போய்ச் சேர்ந்த வெளிநாட்டு ஆலையில் மூசையே செம்பால் ஆனது. முதல் நாள் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. செம்பு 1,085 டிகிரியில் உருகும். அதில் 1,700 டிகிரிக் குழம்பா? விஷயம் செம்புக்குள் ஓடும் தண்ணீரில் இருக்கிறது. சுவரைத் தொட்ட டைட்டானியம் தொட்ட இடத்திலேயே உறைந்து ஓடாகிவிடும். குழம்பு அந்த ஓட்டின் மடியில் கிடக்கும், செம்பைத் தொடவே தொடாது. தன்னையே பாத்திரமாக்கிக்கொள்கிற உலோகம். ஆங்கிலத்தில் இந்த முறைக்கு மண்டையோட்டு உருக்கல் என்றே பெயர். உன் இயந்திரத்திலுள்ள செம்புத் தட்டும் அதே இனம்தான், குட்டி.

இதற்கு ஒரு விலை உண்டு. கொடுக்கிற மின்சாரத்தில் பெரும் பங்கைத் தண்ணீரே தூக்கிக்கொண்டு போய்விடும். குழம்பு உறைநிலைக்குமேல் சில பத்து டிகிரிதான் ஏறும். ஊற்றினால் மெல்லிய இடம் நிரம்புவதற்குள் இறுகிவிடும். கன சென்டிமீட்டருக்கு நாலரை கிராம்தான் எடை என்பதால் தன் பாரத்தால் மூலை முடுக்குக்குப் போகவும் மாட்டாது. அதனால்தான் பெரிய ஆலைகளில் அச்சைச் சுழலவிட்டு, மையவிலக்கு விசையால் குழம்பை உள்ளே தள்ளுகிறார்கள். உன் இயந்திரம் சுழலுமா, இல்லை வாயு அழுத்தத்தால் தள்ளுமா?

தண்ணீர்க் குழாயை எப்போது சோதித்தாய்? இதற்கு முதலில் பதில் சொல்.


பல்மேசை · செவ்வாய், காலை 7.48

ஜோர்ஜ்டவுனில் 22 ஆண்டுகளாகப் பல் தொழில்நுட்பராக இருக்கிறேன். இந்த வகை இயந்திரத்தில் நானும் கண்ணீர் விட்டிருக்கிறேன்.

தம்பி, உங்கள் இரண்டாவது குச்சியைக் காப்பாற்றியது உங்கள் மதியச் சாப்பாடு. அறையின் சுவரிலும் அச்சிலும் ஈரம் ஒட்டியிருக்கும். நம் ஊர்க் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை, காலையில் துடைத்த கண்ணாடி பத்து மணிக்குள் வியர்க்கிறது. பம்ப் ஒரு மணி நேரம் ஓடியதில் அந்த ஈரம் வெளியேறிவிட்டது. இனிமேல் தற்செயலை நம்ப வேண்டாம். பம்பால் இழுங்கள், ஆர்கான் நிரப்புங்கள், மறுபடி இழுங்கள், மூன்று தடவை. பிறகு தட்டின் ஓரத்தில் ஒரு பழைய டைட்டானியத் துண்டை வைத்து அதை மட்டும் முதலில் உருக்குங்கள். மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அது விழுங்கிக்கொள்ளும். அதன் நிறத்தைக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். வெள்ளியாக இருந்தால் வார்க்கலாம். வைக்கோல் நிறமென்றால் யோசியுங்கள். நீலமென்றால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கசிவைத் தேடுங்கள்.

அரம் ஏறாத தோலுக்குக் காரணம் வேறு. அச்சுக்கு என்ன மாவு பயன்படுத்தினீர்கள்? பழைய கூடத்தில் மிச்சமிருந்த ஃபாஸ்பேட் மாவா?


நீலவால்வு · செவ்வாய், மதியம் 1.15

அக்கா, அதேதான். இயந்திரத்தோடு நாலு பை இலவசமாகக் கொடுத்தார்கள்.

மூசை ஐயா, சுழலாது. மேலறையில் ஆர்கான் அழுத்தம், கீழறையில் வெற்றிடம். தண்ணீர்க் குழாயைச் சோதிக்கவில்லை. வாங்கியபடியே இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள்?


பல்மேசை · செவ்வாய், மதியம் 1.40

அந்த மாவு கோபால்ட் குரோமியக் கலவைக்கு உரியது. அதில் பாதிக்கு மேல் சிலிக்கா. டைட்டானியம் சிலிக்காவைத் தொட்ட கணத்தில் ஆக்சிஜனை உருவிக்கொள்ளும். சிலிக்கானும் பாஸ்பரசும் தோலில் ஏறிவிடும். அரத்தை வழுக்கவிடுவது அந்தப் படலம். டைட்டானியத்துக்கென்று மக்னீசியா, சிர்கோனியா கலந்த மாவுகள் தனியாக விற்கிறார்கள். அவற்றிலும் தோல் வரும், ஆனால் மெல்லியதாக.


மூசைக்காரன் · செவ்வாய், இரவு 9.05

ஏன் கேட்கிறேன் என்றால்:

ஆலையின் பெயரோ நாட்டின் பெயரோ வேண்டாம். செம்பு மூசையின் அடியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். தண்ணீர் அளவுமானியில் முள் சற்றே ஆடியதை அன்றைய ஆள் பார்த்திருக்கிறார். காற்றுக்குமிழி என்று நினைத்துவிட்டார். குழம்புக்குள் தண்ணீர் இறங்கியது. தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை டைட்டானியம் எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன? ஹைட்ரஜன். நீராவி ஒரு பக்கம், ஹைட்ரஜன் ஒரு பக்கம். எட்டுப் போல்ட்டுகளால் இறுக்கிய மூடி கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு போய், மறுநாள் வாகன நிறுத்தத்தில் கிடைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உலை எரியும்போது ஆட்கள் எல்லோரும் கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற விதியை அங்கே ஒழுங்காகப் பின்பற்றினார்கள். அந்தச் சுவர் மட்டும் இல்லையென்றால் இதைத் தட்டச்சு செய்ய நான் இருந்திருக்க மாட்டேன்.

உன்னிடம் இருப்பது 30 கிராம்தான், கூரை பறக்காது. கண்ணாடிச் சன்னல் உன் முகத்துக்கு வரும், அவ்வளவுதான். தட்டைக் கழற்று. தண்ணீர்ப் பக்கத்தை அடைத்து, அழுத்தக் காற்று ஏற்றி, சோப்பு நுரை பூசி ஒரு மணி நேரம் பார். குமிழி ஒன்று வந்தாலும் அந்தத் தட்டு பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும். இன்னொன்று: ஆர்கான் காற்றைவிடக் கனம். மூடிய அறையில் தரையோடு தேங்கும், மணமும் கிடையாது. கீழே விழுந்த ஸ்பேனரை எடுக்கக் குனிகிறவன் எழுந்திருக்க மாட்டான். பட்டறைக் கதவைத் திறந்து வை.


ஈயலம்பம் · புதன், காலை 6.30

குறுக்கே ஒரு சேதி. என் தாத்தா கிந்தா பள்ளத்தாக்கில் ஈய லம்பத்தில், அதாவது வெள்ளீயச் சுரங்கத்தில், வேலை செய்தவர். ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் கருமணலை அமாங் என்பார்கள். அதில் இல்மனைட் உண்டு; டைட்டானியத்தின் தாது அதுதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலிலும் அதேதான். ஆனால் உலகில் தோண்டும் டைட்டானியத் தாதுவில் மிகப் பெரும் பகுதி சுவருக்குப் பூசும் வெள்ளைச் சாயமாகத்தான் போகிறது. உலோகமாக்குவதற்கு அதைக் குளோரைடாக்கி, பிறகு மக்னீசியத்தால் குளோரினைப் பிடுங்க வேண்டும். லக்சம்பர்க்கில் பிறந்த வில்லியம் க்ரோல் 1940இல் காப்புரிமை பெற்ற வழி. இன்றும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. 232 டிகிரியில் உருகும் ஈயத்தை டத்தோ கெராமாட் சாலையிலும் பட்டர்வொர்த்திலும் ஆலை வைத்து உருக்கினோம். அதே லம்பத்தில் கிடந்த கருமணலுக்குள் இருந்த உலோகத்தை இன்னும் வெளியிலிருந்துதான் வாங்குகிறோம்.


சாலைராஜா · புதன், காலை 9.10

ஃபார்முலா 1 எஞ்சினில் எல்லாமே வார்த்த டைட்டானியம்தானே? அவர்கள் செய்தால் நாம் ஏன் செய்யக்கூடாது?


கடைசல்காரி · புதன், காலை 9.52

எல்லாமே என்று யார் சொன்னார்கள்? 1990இல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் வந்த டைட்டானியக் கனெக்டிங் ராடு அடித்து உருவாக்கியது, வார்த்தது இல்லை. 1998இல் டொயோட்டா அல்டெசாவில் வந்த டைட்டானிய வால்வுகள் தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்தவை. 2015இல் யமஹா ஆர்1க்கு வந்த ராடும் அடிப்பு வேலைதான். அடிக்கும்போது உலோகத்தின் மணிகள் சிறுத்து, ஓட்டம் ஒரு திசையில் படியும். அடிமேல் அடி விழுவதால் வரும் களைப்பைத் தாங்குவதற்கு அதுதான் வேண்டும். வார்ப்பில் மணிகள் பெரிது, உள்ளே நுண்துளைகளும் இருக்கும்.

கணக்குப் போடுங்கள். எஞ்சின் 10,000 சுற்றில் ஓடினால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 5,000 தடவை திறந்து மூடும். இரண்டு மணி நேரப் பயிற்சியில் 6 லட்சம் அடி. கழுத்தில் மணல் மணி அளவுக்கு ஒரு துளை இருந்தால், அதிலிருந்து விரிசல் கிளம்ப எத்தனை அடி வேண்டும்? வால்வுத் தலை முறிந்து பிஸ்டன்மேல் விழுந்தால் எஞ்சின் மட்டுமா போகும்? பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஓட்டுகிற பிள்ளையும் போவான்.


நீலவால்வு · புதன், மதியம் 12.33

கடைசல்காரி அக்கா சொன்னது உறைத்தது. ஆனால் ஒரு சந்தேகம். விமான எஞ்சினில் வார்த்த டைட்டானியப் பாகங்கள் இருப்பதாகப் படித்திருக்கிறேன். அவர்கள் துளைகளை என்ன செய்கிறார்கள்?


நிபோங்_மாணவி · புதன், இரவு 8.17

நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் உலோகவியலில் ஆராய்ச்சி செய்கிறேன். இதற்கு நான் பதில் சொல்லலாமா, மூசைக்கார ஐயா?

துளைகளை அழுத்தி மூடுகிறார்கள், அண்ணா. வார்ப்பை ஒரு கனமான கலத்துக்குள் வைத்து, 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, ஆர்கானைக் காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ 1,000 மடங்கு அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டில் உலோகம் மெழுகுபோல இளகி, உள்ளேயிருக்கும் துளைகள் சுவரோடு சுவர் ஒட்டி மூடிக்கொள்ளும். மேல்தோல்வரை வாய் திறந்த துளை மட்டும் மூடாது, வாயு அதற்குள்ளும் புகுந்துவிடும். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தக் கலம் பட்டறையில் வைக்கும் சாமான் இல்லை.

புகை வால்வைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. கிரேடு 5 ஏறத்தாழ 400 டிகிரிக்குமேல் பலம் இழக்கும். உள்ளிழுக்கும் வால்வைப் புதுக் கலவை வந்து குளிர்வித்துக்கொண்டே இருக்கும். அங்கே அது தாங்கும். புகை வால்வு 700 டிகிரியைத் தாண்டும். அங்கே அதை வைக்கவே கூடாது, வார்த்ததானாலும் அடித்ததானாலும்.

அந்தச் சூட்டுக்கு உரியது டைட்டானியம் அலுமினைடு. நூறு அணுவில் 48 அலுமினியம், கூடவே 2 குரோமியம், 2 நயோபியம் என்பது பெயர்பெற்ற ஒரு கலவை. எடை நிக்கல் கலவையில் பாதி. ஏறத்தாழ 750 டிகிரிவரை நிற்கும். குறை என்னவென்றால் அறைச் சூட்டில் அது ஒன்று இரண்டு விழுக்காடு நீண்டாலே முறிந்துவிடும். அடித்து உருவாக்குவது பெரும் பாடு, ஆகவே அங்கேதான் வார்ப்பு தன் இடத்தைப் பிடித்தது. 1999இல் வந்த மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 6இன் ஒரு வகையில் டர்போவின் புகைச் சக்கரம் இதனால் ஆனது. சக்கரம் லேசானதால் டர்போ சீக்கிரம் சுற்றெடுக்கும். போயிங் 787இல் பொருத்தும் ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினில் தாழ்வழுத்த டர்பைனின் கடைசி இரண்டு அடுக்கு இதழ்கள் வார்த்த அலுமினைடுதான். பினாங்கில் இறங்கும் விமானம் எதையாவது நிமிர்ந்து பார்க்கும்போது எனக்கு அந்த இதழ்கள்தான் நினைவுக்கு வரும். என் அம்மாவுக்கு இது புரிவதில்லை.


மூசைக்காரன் · புதன், இரவு 9.30

கேட்டுக்கொண்டா சொல்ல வேண்டும், பிள்ளை? நன்றாகச் சொன்னாய்.

ஒன்று சேர்க்கிறேன். இதழ்களை மெழுகில் உருச் செய்து, மேலே இட்ரியாக் குழம்பு பூசி, அதன்மேல் அடுக்கடுக்காக ஓடு கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு வார்க்கும் முறை உண்டு. சுவாமிமலைக்குப் போனபோது ஸ்தபதி ஒருவர் மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டலைப் பூசுவதைத் திண்ணையில் உட்கார்ந்து அரை நாள் பார்த்தேன். முதல் பூச்சு மாவாக அரைத்த வண்டல், விரல் ரேகைகூட விழாதபடி. பிறகுதான் முரட்டு மண். எங்கள் ஆலையிலும் அதே வரிசை: முதல் பூச்சு நயம், அடுத்தது முரடு. வேறுபாடு ஒன்றே ஒன்று. வெண்கலம் வண்டலைத் தின்னாது.

பழைய வழி ஒன்றும் உண்டு. கிராஃபைட் தூளைத் தாரோடும் மாவோடும் சர்க்கரைப் பாகோடும் பிசைந்து, இடித்து அச்சாக்கிச் சுடுவார்கள். ஆமாம், பாகுதான். எங்கள் அச்சுக் கூடத்தில் எறும்பு வரும். ரசாயன ஆலைகளுக்கான பம்ப் உறைகளை இதில்தான் வார்த்தோம். தோலில் கரி ஏறும், நுணுக்கம் வராது. வால்வுக்கு உதவாது.


காப்பிக்கடை · புதன், இரவு 10.02

மெக்னீசியம் கிளட்ச் மூடி வார்ப்பதும் இப்படித்தானா?


மூசைக்காரன் · புதன், இரவு 10.06

அது வேறு இழை. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதே, இப்போதைக்கு அது போதும்.


நீலவால்வு · சனி, மாலை 5.44

தட்டைக் கழற்றி நுரை பூசிப் பார்த்தேன். இரண்டாவது இணைப்பில் ஊசிமுனை அளவு குமிழி வந்தது. ஐயா சொன்னபடியே தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். புதிதாகச் செம்புக் கட்டியைக் கடைந்து தருவதாகச் சிம்பாங் அம்பாட்டில் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது குச்சியை மாணவித் தங்கையிடம் கொடுத்தேன். குறுக்கே அறுத்து, மெருகேற்றி, விளிம்பிலிருந்து உள்நோக்கி வரிசையாகக் கடினத்தை அளந்து பார்த்தோம். நுண்ணோக்கியில் விளிம்பு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது, முட்டை ஓட்டைப்போல. விளிம்பில் 640, உள்ளே கால் மில்லிமீட்டர் போனதும் 345. நடுவில் ஒரு துளை, அதன் சுவர் வழவழவென்று உருண்டையாக இருந்தது. சுருக்கத்தால் வந்த துளையாக இருந்தால் சுவர் கிளைகிளையாக இருக்குமாம்; உருண்டையாக இருப்பதால் ஆர்கான் சிக்கிக்கொண்டது என்று தங்கை சொன்னார்.

அந்த வெள்ளைத் தோலை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்தெடுக்கலாம் என்று ஓரிடத்தில் படித்தேன். கொஞ்சம் வாங்கலாமா?


பல்மேசை · சனி, மாலை 5.51

வாங்காதீர்கள். ஆலைகளில் நைட்ரிக் அமிலத்தோடு கலந்து அதைத்தான் செய்கிறார்கள், உண்மை. நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். அதற்குள் அது சதைக்குள் இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயமே நின்றுபோகக்கூடும். கால்சியம் குளுக்கனேட் களிம்பு கையில் இல்லாதவர் அந்தப் புட்டியைத் தொடக்கூடாது. மணல் பீய்ச்சித் தேயுங்கள், மிச்சத்தை லேத்தில் வைரமுனையால் எடுங்கள். மெதுவாகத்தான் போகும்.


நீலவால்வு · சனி, இரவு 9.20

சரி அக்கா, தொடவில்லை.

யோசித்து முடிவெடுத்துவிட்டேன். உள்ளிழுக்கும் வால்வை அடித்த கம்பியிலிருந்து கடைந்துகொள்கிறேன். கடைசல்காரி அக்கா தண்டுக்குக் குரோமியம் நைட்ரைடு பூசும் இடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். புகை வால்வு உருக்காகவே இருக்கட்டும். இந்த இயந்திரத்தில் எஞ்சினுக்குள் போகும் எதையும் வார்க்கப் போவதில்லை. முதலில் புகைக்குழாயைத் தாங்கும் கொக்கி. உடைந்தால் குழாய் தொங்கும், அவ்வளவுதான். இன்று மெழுகு உரு செய்து மக்னீசியா மாவில் பதித்துவிட்டேன். தட்டு வந்ததும் ஊற்றுவேன்.


மூசைக்காரன் · சனி, இரவு 9.26

ஊற்றுவாயைக் கொக்கியின் தடித்த பக்கத்தில் வைத்தாயா, மெல்லிய பக்கத்தில் வைத்தாயா? படம் போடு.


நீலவால்வு · சனி, இரவு 9.31

மெல்லிய பக்கத்தில், ஐயா.


மூசைக்காரன் · சனி, இரவு 9.32

அச்சை உடை. நாளை காலை பத்து மணிக்கு நானே பட்டறைக்கு வருகிறேன். மெழுகு மிச்சம் இருக்கிறதா?